அம்மா தட்டிப் பார்த்த அரிவாள்கள்

நேற்று செடி வெட்டும் கத்தரி வாங்கப் போன கடையில், எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்ததும் வந்த கிரீஸ் வாடை, எலப்புள்ளியில் இன்று தடமே இல்லாமல் போன அந்த இரும்புக்கடைக்குள் என்னைத் தள்ளிவிட்டது. எழுபதுகளில், கதிரறுப்புக்கு முந்தின வாரம், எங்கள் வளவுப் பெண்கள் அத்தனை பேருக்கும் அரிவாள் எடுக்க அம்மாவைத்தான் அனுப்புவார்கள். ஒவ்வொன்றாகச் சுண்டி, காதருகே வைத்து, பல்லை நகத்தால் வருடி, பிடியை உலுக்கி, கீழே வைத்து, மறுபடி அதையே எடுப்பாள். பஸ் போய்விடுமே என்று நான் கால் மாற்றி மாற்றி நிற்பேன்.

"ஏனுங்க, அத்தனையும் தட்டிப் பாக்கோணுங்களா?" என்பார் கடைக்காரர்.

"பிடி கழண்டு எங்க கை அறுபட்டா, நீங்களா வந்து கதிரறுப்பீங்க?" என்பாள் அம்மா.

அவள் எடுத்தது எதுவும் சோடை போனதில்லை, அவளுடையதைத் தவிர. வயலில் அம்மாவுக்குப் பீச்சாங்கைதான் ஓடும். கடை அரிவாளின் பல்லோ வலக்கைக்கென்றே வெட்டியிருக்கும். இடக்கையில் பிடித்தால் நெல்தாளை அறுக்காமல் வழுக்கும். இடக்கைக்கு ஒன்று செய்து தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம். நாலு பேர் முன்னால் அந்தக் கையை நீட்டக் கூசி, கடையில் வலக்கையாலேயே பார்த்து, வலக்கைக்கானதையே தனக்கும் வாங்கி, ஒவ்வொரு அறுப்பிலும் விரலில் துணி சுற்றிக்கொண்டு வீடு வருவாள். நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது.

"பிடிச்சுப் பாருங்க" என்று கடைக்காரப் பெண் கத்தரியை நீட்டினாள்.

வலக்கையை நீட்டி வாங்கினேன். நானும் பீச்சாங்கைக்காரிதான்.