காதுகுத்து ஃபைலில் இருந்த பெயர்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அருப்புக்கோட்டையில் ஃபிளக்ஸ் டிசைன் செய்யும் யுவராணிக்கு இது நடந்தது. அதுவும் பட்டப்பகலில், கடைத்தெரு இரைச்சலுக்கு நடுவில்.

எம்.ரெட்டியபட்டி தங்கபாண்டி ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தார். மகளுக்குக் காதுகுத்து. யுவராணியின் தோழி மாரீஸ்வரி பந்தல்குடியில் டிசைன் செய்த, குழந்தை படம் போட்ட பத்திரிகையின் பிடிஎஃப் அதில் இருந்தது. அதையே பெரிதாக்கி ஃபிளக்ஸ் போட வேண்டும். "சாயங்காலம் வாரேன்மா" என்று போய்விட்டார்.

யுவராணி ஃபைலை டிசைன் சாஃப்ட்வேரில் திறந்தாள். தமிழ் எழுத்து முழுக்க உடைந்து கட்டம் கட்டமாக வந்தது. அடித்த ஃபான்ட் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும். அவளுக்கு அது புதிதில்லை. ஆனால் கீழ் மூலையில் ஒரு பெயர் மட்டும் உடையாமல் நின்றது.

சுபத்ரா.

தங்கபாண்டிக்குப் போன் போட்டாள். அவர் சொல்லச் சொல்ல மற்ற எல்லாவற்றையும் அடித்து முடித்தாள். பிறகு கேட்டாள்.

"சுபத்ராங்கிறது யாருண்ணே?"



"என் வீட்டுக்காரி. பிரசவத்துல போயிட்டா... அந்தப் பேரை யாரு போட்டா?"

"ஃபைல்ல இருக்குண்ணே."

"எடுத்துரும்மா. நல்ல காரியத்துல வேணாம்னு பெரியவுக சொல்லிட்டாக."

அழித்தாள். சேமித்தாள். சரிபார்க்கத் திறந்தாள்.

பெயர் இருந்தது. மூலையில் இல்லை... குழந்தையின் படத்துப் பக்கமாக நகர்ந்திருந்தது.

படத்துக்கு அடியில் வேறு லேயரில் ஒளிந்திருக்கும் என்று தேடினாள். எதுவுமில்லை. மறுபடியும் அழித்தாள். எங்கிருந்தோ பால் வாடை வந்தது...

திறந்தாள்.

பெயர் குழந்தையின் கன்னத்தை ஒட்டி இருந்தது.

அதற்குமேல் அழிக்க அவளுக்குக் கை வரவில்லை.

சாயங்காலம் தங்கபாண்டி வந்தார். திரையைப் பார்த்தார்.

"புள்ளைய ஒரு தடவகூடத் தூக்கலம்மா அவ" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, "இருக்கட்டும். அப்படியே போடும்மா."

காதுகுத்து முடிந்த பிறகு, யுவராணி மாரீஸ்வரிக்குப் போன் செய்தாள்.

"ஏன்டி, ஃபைல்ல சுபத்ராங்கிற பேரை மட்டும் எந்த ஃபான்ட்ல அடிச்ச?"

"எந்தச் சுபத்ரா?"

"அந்தப் புள்ளையோட அம்மா."

"அம்மா பேரு வேணாம்னு அவுக முதல்லயே சொல்லிட்டாக. நான் கேட்டுக்கவும் இல்ல. அந்தப் பேரே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியுது..."