திரி வைத்தவன் சொன்ன பெயர்

திண்டுக்கல் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது காலை ஆறு மணி. எதிரே மலைக்கோட்டைப் பாறை, யாரோ சமவெளியில் இறக்கி வைத்துவிட்டு எடுக்க மறந்துபோனது மாதிரி தன்னந்தனியாக நின்றது. தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்குக் கல் என்பது கோயிலில் பார்க்கிற சமாசாரம். வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன்.

"பாறை எங்கயும் ஓடிடாது. வாங்க, பஸ்ஸு போயிரும்" என்று கையைப் பிடித்து இழுத்தார் மீரான் ராவுத்தர். கல்லூரி நாளில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர். இப்போது கிராமம் கிராமமாகப் போய்த் தோல் வாங்கும் வியாபாரி. காவிரித் தண்ணீரைத் தவிர வேறு பாசனம் அறியாத என்னைப் பாறையை உடைத்துத் தண்ணீர் தேடும் சீமைக்கு வந்து பார்க்கச் சொல்லி வெகுநாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார்.

வேடசந்தூர் பன்னிரண்டு மைல். பஸ் கட்டணம் ஆறணா. அந்த ஆறணாவுக்கு வெங்காய மூட்டையின் மேல் உட்கார இடமும், பக்கத்து அம்மாளின் கோழி மடியில் ஏறிக்கொள்ளும் பாக்கியமும் கிடைத்தன. வழியெல்லாம் செம்மண்ணும் கருவேலமும் காய்ந்த கடலைக் கொல்லையும்தான். மழை எப்போது பெய்தது என்று டிரைவரிடம் கேட்டேன். "மழையா? அது எந்த ஊர்ல பேயுதுன்னு சொல்லுங்கய்யா, வண்டிய அங்கிட்டே திருப்பிருவோம்" என்றார். பஸ்ஸே சிரித்தது. மூன்றாவது வருஷமாக மழை பொய்த்த சீமையில் மனிதர்கள் இப்படிச் சிரிப்பதே எனக்கு முதல் ஆச்சரியமாக இருந்தது.

வேடசந்தூரிலிருந்து மேற்கே நாலு மைல் மாட்டு வண்டிப் பயணம். வாடகை ஒரு ரூபாய். நாங்கள் போய்ச் சேர்ந்த ஊரின் பெயரை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. காரணம், வண்டியில் ராவுத்தர் சொன்ன விஷயம்.

அந்த ஊரில் பெருமாள் என்று ஒரு சம்சாரி. இரண்டு வருஷமாகக் கிணறு வெட்டுகிறார். நாற்பது அடி போயும் கல்தான். பயிர் காய்ந்தது, மாடுகள் போயின. பிறகு மனுஷர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் தான் ஆசையாகச் செய்து வைத்திருந்த ஏரைப் பக்கத்துக் காட்டுக்காரருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டு, "எம் பிள்ளைகளைப் பாத்துக்கங்க" என்றாராம். அந்த வாரம் தோல் வாங்கப் போன ராவுத்தர் காதுக்கு இது எட்டியது.

"நான் சுத்தி வளைக்கல. பக்கத்துல உக்காந்து, பெருமாளு, செத்துப் போயிரலாம்னு இருக்கான்னு நேராவே கேட்டேன். ஆமா பாய்ன்னு சொல்லிட்டு, சின்னப் புள்ள மாதிரி அழுதாரு."

"அப்படியா கேட்டீர்கள்? கேட்டால் அந்த எண்ணம் இன்னும் வலுத்துவிடாதா?"

"அவரு அத ஒத்தையில சுமந்துக்கிட்டுல்ல இருந்தாரு. கேட்டப்புறந்தான் கீழ எறக்கி வச்சாரு."

ராவுத்தர் அவரைத் திண்டுக்கல்லுக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டினார். டாக்டர் தூங்க மருந்து கொடுத்து, தவறாமல் வரச் சொல்லி, தனியே விடாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதை ஊர் அப்படியே பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு ஓர் ஆள் முறை வைத்துக்கொண்டு பெருமாளின் கிணற்றை வெட்ட வருகிறார்கள். கூலி கிடையாது. யாராவது ஒருவர் எப்போதும் அவர் பக்கத்தில் இருக்கிறார்.

நாங்கள் போனபோது கிணற்று மேட்டில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அன்று பாறைக்கு வெடி. அடியில் துளை போட்டு வெடிமருந்து திணித்தாயிற்று. இனி ஒருவன் இறங்கித் திரியில் நெருப்பு வைக்க வேண்டும். வைத்த உடனே மேலே உள்ளவர்கள் அவனைக் கயிற்றால் தூக்கிவிட வேண்டும். குறுக்கு மரத்தில் கப்பி, கப்பியில் வடக்கயிறு, கயிற்று நுனியில் உட்காரப் பலகை. பின்னால் இரண்டு பேர் இழுப்பார்கள். விளிம்பில் நின்று கீழே பார்த்துக் குரல் கொடுத்துக் கயிற்றை நடத்துபவருக்கு முன்கை என்று பெயர். உயிர் அவர் கையில். ஆகையால் முன்கை யார் என்பதை இறங்குகிறவனே சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லக்கூடாது. இது இந்தப் பக்கத்து வழக்கம்.

அன்று இறங்க வந்தவன் முத்து, பெருமாள் மனைவி காளியம்மாளின் தம்பி. பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "முன்கை பெருமாள் மச்சான்" என்றான்.

கல் கூடையைச் சுமந்துகொண்டிருந்த பெருமாள் கூடையை இறக்கினார். வற்றிய தேகம், எங்கேயோ பார்க்கிற கண்.

"நான் வேணாம்லே. வேற ஆளச் சொல்லு."

"அப்ப நான் எறங்கல" என்று முத்து மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான்.

வாழவே பிடிக்காத மனிதரிடம் இன்னொரு உயிரைக் கொடுப்பதா? பக்கத்தில் நின்ற காளியம்மாளிடம், "உங்களுக்குப் பயமாக இல்லையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன். "பயம் இல்லாம என்னங்கய்யா? ரெண்டும் எனக்கு உசுருதேன்" என்றார், கிணற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெருமாள் தம் கைகளைப் பார்த்தார். அவற்றை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து கயிற்றைப் பிடித்தார்.

முத்து இறங்கினான். கயிறு பிடிப்பவர்களைத் தவிர மற்ற எல்லோரையும், எங்களையும் சேர்த்து, வரப்புக்கு அப்பால் விரட்டினார்கள். கீழிருந்து "வச்சாச்சு!" என்று குரல் வந்தது. "இழு!" என்றார் பெருமாள். அந்த வற்றிய உடம்பில் அவ்வளவு குரல் எங்கே இருந்ததோ! கயிறு விறுவிறுவென்று ஏறியது. பாதியில் நின்றது. பலகை பாறை முண்டில் மாட்டிக்கொண்டுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் பதறிப்போய் இன்னும் பலமாக இழுத்தார்கள்.

"நிறுத்துங்கடா! எளக்கு... இன்னும் கொஞ்சம் எளக்கு!" விளிம்பில் குனிந்து கயிற்றை இடப்புறம் ஒரு வீச்சு வீசினார் பெருமாள். பலகை விடுபட்டது. "இப்ப இழு!" முத்துவின் தலை தெரிந்ததுதான் தாமதம், அவன் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடிவந்து வரப்புக்குப் பின்னால் அவன்மேலேயே விழுந்தார். பூமி அதிர்ந்தது. எங்கள் மேலெல்லாம் கல்லும் தூளுமாக மழை.

புழுதி அடங்குவதற்குள் பெருமாள் முத்துவின் தலைமயிரைப் பிடித்து உலுக்கினார். "ஏலே! திரிய இம்புட்டுக் குட்டையாவாடா வைப்ப? ஒரு மூச்சு பிந்தியிருந்தா செத்துப் போயிருப்பியேடா! ஒனக்கு அறிவு இருக்கா?" முத்து பல்லைக் காட்டிக்கொண்டு திட்டு வாங்கினான். "சிரிக்காத. புகை அடங்கட்டும். நாளைக்கு நான் வராம ஒருத்தனும் கிணத்துக்குள்ள கால வைக்கக் கூடாது, ஆமா!"

காளியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நாளைக்குன்னு சொல்லுறாரு பாய்" என்றார் ராவுத்தரிடம். "எத்தன நாளாச்சு, அவரு வாயில நாளைக்குன்னு வந்து!"

நான் காவிரி புரண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கால் மண்டபங்களைப் பார்த்திருக்கிறேன். எதைப் பார்த்தும் அன்றைக்குப் போலக் கைகூப்பத் தோன்றியதில்லை. கிணற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்பீர்கள். நாங்கள் கிளம்பும்வரை வரவில்லை. பெருமாள் தேறிவிட்டார் என்று ராவுத்தரும் சொல்லவில்லை. "இன்னிக்கு ஒரு நாளு தாண்டியாச்சு. வெள்ளிக்கிழம டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போகணும்" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் ரயிலில் எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. எங்கள் தெருவில் ஒருவருக்குப் புயலில் வாழைத் தோட்டம் முழுவதும் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. எங்கள் பக்கத்து மரியாதைப்படி, மனக்கஷ்டத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று தெருவே ஒதுங்கிப் போகிறது. ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் காரியமாக அவர் வீட்டுக் கதவைத் தட்டப்போகிறேன். எப்படி இருக்கிறீர் என்று நேராகவே கேட்கப்போகிறேன். அப்புறம், முத்து கேட்ட மாதிரி, அவரால் மட்டும் ஆகக்கூடிய ஓர் உதவியும் கேட்கப்போகிறேன்.