அடித்த வரிகள்

மற்றவர்கள் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பதுதான் இன்றைக்கு என் பிழைப்பு. நீளமான வாக்கியத்தைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். இந்தக் கைக்கு முதன்முதலில் வேலை கொடுத்தவள், ஆங்கிலத்தில் தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்த என் அம்மா. அதை நான் செய்த லட்சணத்தை அலுவலகத்தில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். வேனில் சாயல்குடி போய் இங்கிலீஷ் மீடியம் படித்துக்கொண்டிருந்தேன். தம்பிக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன், அதாவது அம்மாவின் ஒரே தம்பி, குவைத்தில் ஏசி மெக்கானிக். வீட்டிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தால்தான் லீவைப் பற்றிப் பேசலாம் என்று அவருடைய மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

இந்தத் தகவல்கூட அப்பா வழியாகத்தான் வந்தது. அம்மா மாமாவோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தாத்தா இறந்தபோது மாமா வரவில்லை. ஒரே மகன் இருந்தும் பங்காளி வீட்டுப் பையன்தான் கொள்ளி வைத்தான். அன்று அம்மா போனில் பேசிய பேச்சைத் தெருவே கேட்டது. அதற்குப் பிறகு மாமா போன் செய்தால் அதை அப்பாவிடம் நீட்டிவிட்டு, "மிளகா காயுது, கிளறணும்" என்று களத்துக்குப் போய்விடுவாள். மிளகாய் இல்லாத மாதத்திலும் போவாள்.

மேனேஜருக்கான கடிதத்தை அம்மா தமிழில் சொல்லச் சொல்ல, நான் ரஃப் நோட்டில் ஆங்கிலத்தில் எழுதினேன். காதுகுத்து, தாய்மாமன் மடி என்று நல்லபடியாகத்தான் போனது. பிறகு கீரை ஆய்ந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"எங்கய்யா செத்தப்ப அவன் வரலைன்னு நான் ரொம்பப் பேசிட்டேன். கம்பெனில லீவு குடுக்காததுக்கு அவன் என்ன செய்வான். அது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் பேசுனேன். இதையும் எழுது."

"மேனேஜருக்கு இதெல்லாம் எதுக்கும்மா?"

"எழுதுன்னா எழுது பிள்ள."

எழுதினேன். அங்கே மூச்சு விட இடமில்லாத ஒரே வாக்கியம் வந்து சேர்ந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினோரு 'அண்ட்'. எங்கள் இங்கிலீஷ் மிஸ் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார். வாக்கியத்தை உடை, யார் என்ன செய்தார்கள் என்று தெரியும்படி எழுது, படிக்கிறவருக்குத் தேவையில்லாததை அடி என்பவர் அவர். அன்று மத்தியானம் அவரைப் போலவே சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செத்த தாத்தாவும் 'ஹி', வராத மாமாவும் 'ஹி'. யார் செத்தார், யார் வரவில்லை என்று எனக்கே குழம்பியது. இரண்டு முறை மாற்றி எழுதியும் சரிப்படவில்லை. கடைசியில் சுலபமான வழியைக் கண்டுபிடித்தேன். அந்த இடத்தையே முழுசாக அடித்துவிட்டேன். மீதி ஆறு வாக்கியங்கள் கண்ணாடி மாதிரி இருந்தன.

நல்ல தாளில் எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். புரியாத பாஷையைத் தலை சாய்த்துக் கேட்டாள்.

"இம்புட்டுதானா? நான் சொன்னது எல்லாம் வந்துருச்சா?"

"இங்கிலீஷ்ல சுருக்கமாத்தான் வரும்மா" என்றேன். அப்படிச் சொல்ல எனக்குக் கொஞ்சம்கூட நாக்குக் கூசவில்லை.

அப்பா அதை பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து மாமாவுக்கு அனுப்பினார். மாமா அச்செடுத்து மேனேஜரிடம் கொடுத்தார். பதினைந்து நாள் லீவு கிடைத்தது.

மாமா வந்து இறங்கிய அன்று அம்மா நெய்மீன் குழம்பு வைத்திருந்தாள். வாங்க வாங்க என்று அப்பாதான் பேசினார். அம்மா பரிமாறினாள், எதற்கோ காத்திருப்பவள் போல நின்றாள், மறுபடி பரிமாறினாள். பொறுக்க முடியாமல் அவளே கேட்டாள்.

"லெட்டரப் படிச்சியா?"

அக்கா தன்னிடம் பேசியதும் மாமா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "படிச்சேன்க்கா. ரொம்பத் தெளிவா இருந்துச்சு. மேனேஜரே பாராட்டுனாரு."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"வேற என்னக்கா?"

அம்மா குழம்புச் சட்டியை மூடினாள். "மிளகா காயுது" என்று களத்துக்குப் போய்விட்டாள்.

எனக்கோ மேனேஜர் பாராட்டியதில் தலைகால் புரியவில்லை. மாமா கை கழுவியதும் ரஃப் நோட்டைக் கொண்டுபோய் நீட்டினேன். எவ்வளவு குப்பையிலிருந்து எவ்வளவு நல்ல கடிதத்தை எடுத்திருக்கிறேன் என்று அவர் பார்க்க வேண்டாமா. குவைத்தில் பழகிய ஆங்கிலத்தை வைத்து, சிவப்புக் கோட்டுக்கு அடியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். முடிந்ததும் முதலிலிருந்து படித்தார்.

"இதையெல்லாம் அம்மாவா சொன்னுச்சு?"

"ஆமா மாமா. தேவையில்லாதது. அதான் அடிச்சிட்டேன்."

அவர் அந்தத் தாளைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு களத்துக்குப் போனார். அந்தத் தாளின் பின்பக்கத்தில் என் கணக்கு வீட்டுப்பாடம் இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. வேவு பார்க்கத் தம்பியை அனுப்பினேன். அவன் திரும்பி வந்து, "ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க. அம்மா மாமா தலையத் தடவுது" என்றான். களத்தில் மிளகாய் ஒன்றும் இல்லை. போன வாரமே மூட்டை கட்டியாகிவிட்டது.

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. தம்பி மாமாவின் சட்டையெல்லாம் மூக்கைத் துடைத்தான். அம்மாவும் மாமாவும் அந்தப் பதினைந்து நாளும் ஓயாமல் பேசினார்கள், அப்பா பேச இடம் தேட வேண்டியிருந்தது.

மாமா திரும்பிப் போகும் நாளில் வாசலில் கார் நின்றது. பாஸ்போர்ட்டை எடுத்துச் சரிபார்த்தார். அதற்குள் அந்தத் தாள் இருந்தது. சிவப்புக் கோடுகள் வெளியே தெரிந்தன. எனக்கு மானம் போவது போல் ஆகிவிட்டது. மேனேஜர் பாராட்டிய என் இங்கிலீஷின் பழைய கோலம் குவைத்துக்கே போகப் போகிறது.

"மாமா, அதை யார்ட்டயும் காட்டாதீங்க. நெறைய தப்பு இருக்கு."

"காட்ட மாட்டேன் ஆத்தா" என்றார். "இது எனக்கு வந்த லெட்டரு."

கார் தெரு முனை திரும்பும்வரை யோசித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தாளின் முதல் வரியிலேயே 'டு தி மேனேஜர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். இத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தும் மாமாவுக்கு அதுகூடப் படிக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.