வெண்டெலுக்குக் கட்டம் இல்லாத படிவம்

எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் கடைசி வகுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகைப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். அந்தப் படிவத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரணம் வெண்டெல் ஸ்பரியர்.

வெண்டெல் என்னோடு படித்தவன். மேற்கு வர்ஜீனியாவின் இந்த மலைப்பாதைகளில் வீடு வீடாகப் போய் எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டினான். கல்யாணம் ஆகவில்லை. முப்பத்தைந்து வயதில் டானா என்றொருத்தி ஆறு வயது மகள் ஷெல்பியோடு அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு வருஷம் இருந்தாள். பிறகு, ஃபுளோரிடாவில் வேலை தேடிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொள்கிறேன் என்று போனவள்தான். அவளைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல நானும் முயன்று பார்த்துவிட்டேன், வரவில்லை.

பிள்ளை வெண்டெலிடமே தங்கிவிட்டது. தலை பின்னத் தெரியாமல் தபால் நிலையத்துப் பெண்ணிடம் கேட்டுக் கற்றுக்கொண்டான். ஷெல்பி பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்த நாளெல்லாம் அழுக்கு பூட்ஸோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பான்.

கோர்ட்டுக்குப் போய்ப் பாதுகாவலன் என்று ஒரு தாள் வாங்கியிருக்கலாம். எங்கள் பக்கம் யாரும் அப்படிப் போக மாட்டார்கள். 'இந்தப் பிள்ளை எனக்குச் சொந்தமில்லை' என்று நீதிபதி முன்னால் வாயைத் திறந்தால் மறுநாளே அரசாங்க வண்டி வந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அதனால் ஊரே கண்டுகொள்ளாமல் இருந்தது. பள்ளிப் பதிவேட்டில் பாதுகாவலர் இடத்தில் அவன் பெயரை எந்தத் தாளும் கேட்காமல் எழுதிக்கொண்டது நான்தான். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஷெல்பிக்குப் பதினெட்டு வயதில் செவிலியர் படிப்புக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகை இல்லாமல் போக வழியில்லை. என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"கேக்க ஒருத்தனும் வரலியே, மிஸ் ஓபல்."

"ராணுவத்துல இருந்திருக்கியா?"

"பத்து வருஷமா வெண்டெல் சமையலைத் தின்னு உயிரோட இருக்கேன். அது கணக்குல வராதா?"

வராது. இந்தக் கேள்விகளில் ஒன்றுக்காவது 'ஆம்' என்றால்தான் படிவம் பிள்ளையைத் தனி ஆளாகக் கொள்ளும். பெற்றோர் இறக்கவில்லை. கோர்ட்டு நியமித்த பாதுகாவலர் இல்லை. அப்படியென்றால் இருபத்துநான்கு வயது வரை அவள் பெற்றோரைச் சார்ந்தவள். அம்மாவின் வருமானமும் கையெழுத்தும் வேண்டும். அப்பன் பெயரே யாருக்கும் தெரியாது. வளர்த்தவனைப் பற்றி ஒரு கேள்விகூட அதில் இல்லை.

ஒரே ஒரு வழி இருந்தது. அம்மா கைவிட்டுவிட்டாள், தொடர்பே இல்லை என்று நிரூபித்தால் கல்லூரிக்காரர்கள் அவளைத் தனி ஆளாக ஏற்பார்கள். ஷெல்பி தன் கதையை எழுதிக் கொடுத்தாள். வேலை அவசரத்தில் நான் சரியாகப் படிக்காமலே அனுப்பினேன். ஒரு வாரத்தில் கல்லூரியிலிருந்து ஓர் அம்மாள் போனில் கூப்பிட்டார்.

"வருஷா வருஷம் பொறந்தநாளுக்கு அம்மா வாழ்த்து அட்டை அனுப்புறாங்கன்னு பொண்ணே எழுதியிருக்காளே? தொடர்பு இருக்குன்னுதானே அர்த்தம்? அவங்ககிட்டயே கையெழுத்து வாங்கிடுங்க. மாசக் கடைசிதான் கெடு."

வெண்டெலை வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றினான். எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

"ஓபல், அந்த அட்டையெல்லாம் நான் எழுதுனது."

கையிலிருந்த படிவத்தைக் கீழே வைத்தேன்.

"மொத வருஷம் பிள்ளை வாசல்லயே உக்காந்திருந்தா, தபால் வரும் வரும்னு. பாக்க முடியல. என் மச்சான் லாரில ஊர் ஊரா போறவன். போற ஊர்ல போட்றான்னு குடுத்தேன். ஒரு வருஷத்தோட நிறுத்த முடியுமா, சொல்லு?"

"அட முட்டாளே!"

"சரி, முட்டாள்தான். உன்கிட்ட சொன்னாப் போதுமா? அவளுக்குத் தெரியாம முடிச்சிடலாமா?"

"அவதான் மாத்தி எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"அடுத்த வருஷம் படிச்சா ஆகாதா?" என்றான். பிறகு அவனே, "வேணாம், கூப்பிடு" என்றான்.

வகுப்பிலிருந்து ஷெல்பி வந்தாள். அவன் சுற்றி வளைக்காமல் சொன்னான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனாலும் காது கேட்குமே.

"என் கிளாரினெட்டைக் கேக்கணும்னு ஆசையா இருக்குன்னு எழுதியிருந்தாளே?"

"நான்தான்."

"அது உன் கையெழுத்தே இல்லியே!"

"இடது கையால எழுதுவேன்."

"பன்னெண்டு வயசுல வந்தது... என்னை விட்டுட்டுப் போனதுக்கு மன்னிச்சிடுன்னு..."

"அதுவும்தான், கண்ணு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அவ என்னைப் பத்திக் கேக்கவே இல்லியா? ஒருவாட்டிகூடவா?" என்று மட்டும் கேட்டாள். வெண்டெல் இல்லை என்று தலையை ஆட்டினான். அவள் அறையை விட்டு ஓடிவிட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தான். எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

மூன்று நாள் அவனோடு அவள் பேசவில்லையாம். நான்காம் நாள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். அவள் கண் வீங்கியிருந்தது. புதிதாக எழுதி வந்திருந்தாள்: 'எட்டு வயதுக்குப் பிறகு என் அம்மாவிடமிருந்து எனக்கு ஒன்றுமே வந்ததில்லை.' படித்துப் பார்த்தேன். இந்த முறை ஒவ்வோர் எழுத்தாக.

வெண்டெல் கொடுக்க வேண்டிய சாட்சிக் கடிதத்தை நானே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். கீழே 'மாணவிக்கு என்ன உறவு' என்று ஒரு வரி காலியாக இருந்தது. அவன் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தான்.

"இதுல என்ன போடுறது ஓபல்?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஷெல்பி பேனாவைப் பிடுங்கி 'அப்பா' என்று எழுதிவிட்டாள். பெரிய எழுத்தில், கோட்டைத் தாண்டி. வெண்டெல் அதையே பார்த்தான். அவன் முகத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

அப்பா இருக்கிறார் என்றால் பெற்றோர் இல்லை என்ற விண்ணப்பம் நிற்காது. எந்த அப்பா, என்ன வருமானம், எங்கே தாள் என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். மாசக் கடைசிக்கு இரண்டே நாள். இதை நான் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன்.

ஷெல்பி என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். வெண்டெல்தான், "அவ வேலையை அவ பாக்குறா, விடும்மா. வேற தாள் குடு, ஓபல்" என்றான். அதில் நிதானமாக, 'இவளுடைய அம்மாவின் பழைய சிநேகிதன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

இரண்டு வாரத்தில் ஒப்புதல் வந்தது, ஷெல்பிக்குப் பெற்றோர் என்று யாருமில்லை என்று ஏற்கிறோம் என்று. 'அப்பா' என்று எழுதிய தாளை நான் கிழிக்க வேண்டியிருக்கவில்லை. கையெழுத்துப் போட்ட அன்றைக்கே வெண்டெல் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எரிவாயு நிரப்பப் போய்விட்டான்.