முளைத்துவிட்ட எச்சரிக்கைக் கம்பு

பர்மாவில் த்வாண்டேயிலிருந்து தலா என்னும் ஊரின் படகுத்துறைக்குப் போகும் ரோட்டைப் பற்றி அமீர் அலியிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. "எனக்குத் தெரியாத ரோடா?" என்று ஒரே கேள்வியில் ஆளை உட்கார வைத்துவிடுவான். மோட்டார் சைக்கிளில் ஆளேற்றிப் பிழைப்பவன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாங்கோன் நகரத்துக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை; இந்தப் பக்கம் அதை விட்டால் வேறு கதியில்லை. மழைக்காலத்தில் விடியலில் பஜ்ரு தொழுத கையோடு முதல் வண்டியை எடுப்பவன் அவன்தான். எங்கே சேறு, எங்கே தண்ணீர், எந்தப் பலகைப் பாலம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டே போய்த் துறையில் சொல்வான். மற்றவர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்கள்.

சட்டதிட்டம் எல்லாம் வைத்திருந்தான். தண்ணீருக்குள் இறங்கினால் முதல் கியர், ஆக்ஸிலேட்டரை விடவே கூடாது. சேற்றில் முன் பிரேக்கைத் தொட்டவன் மண்ணைக் கவ்வுவான். காரை ஒட்டிக்கொண்டு முந்தாதே. இந்த ஊரில் வண்டி ஓடுவதும் வலப்பக்கம், ஸ்டியரிங்கும் வலப்பக்கம், எதிரே வருவது அந்த டிரைவருக்கே பாதிதான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பின்னால் உட்காருகிறவர் அரிசி மூட்டை மாதிரி இருக்க வேண்டும். அசையக் கூடாது, பேசக் கூடாது.

இந்தத் தைரியத்தில்தான் மாமியாரிடம் ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டான். மனைவி சமீனாவுக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி ஏழாம் மாதமே ஆற்றுக்கு அக்கரையில் தின்கன்ஜூனில் இருக்கும் தாய்வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அவளை விட்டுவிட்டு இருக்க இவனுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். மாமியார் நூர் பீவி தலையில் அடித்துக்கொண்டாள். ரோட்டை நம்பி மகளையும் வயிற்றுப் பிள்ளையையும் விடச் சொல்கிறீர்களா என்று கேட்டாள். எந்த மழையிலும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கிறேன் மாமி, அது என் பொறுப்பு என்றான் இவன். அன்றிலிருந்து அவன் விடியலில் ரோடு பார்த்ததெல்லாம் அந்த ஒரு சவாரிக்காகத்தான்.

இந்த இடத்தில் முருங்கை மரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரோட்டில் பள்ளம் விழுந்தால், முதலில் பார்த்தவன் ஒரு பச்சைக் கம்பை ஒடித்து அதன் ஓரத்தில் நட்டுவிட்டுப் போவது ஓட்டிகளின் வழக்கம். போன மழையில் ரோட்டின் இடப்பக்கத்தையே விழுங்கின பள்ளம் ஒன்றுக்கு அமீர் அலிதான் முருங்கைக் கம்பு நட்டான். எல்லாரும் கம்புக்கு வலப்பக்கம், வாய்க்கால் கரையை ஒட்டி ஒதுங்கிப் போனார்கள். கோடையில் பள்ளத்தை நிரப்பினார்கள். த்வாண்டேயில் உடைந்த பானைக்கா பஞ்சம்? சூளைக்காரர்கள் வண்டி வண்டியாக ஓடு கொட்டினார்கள், சமீனாவும் வீட்டிலிருந்த ஓட்டைச் சட்டிகளைக் கொண்டுபோய்ப் போட்டாள். பள்ளம் போயிற்று. கம்பு மட்டும் போகவில்லை. துளிர்த்து, கிளைவிட்டு, கீரை பறிக்கிற மரமாகிவிட்டது. பச்சை மரத்தைப் பிடுங்க யாருக்கும் கை வரவில்லை. பள்ளமே இல்லாத இடத்தில் அத்தனை வண்டியும் வளைந்து வளைந்து போயின. ரோட்டைக் கரைத்துக் குடித்த நம் ஆளும்தான்.

ஆகஸ்டில் அடைமழை பிடித்த ஒரு காலையில் சமீனாவுக்கு வலி கண்டது. வாடகைக் கார்க்காரன், இந்தத் தண்ணீரில் வண்டி போகாது என்று கையை விரித்துவிட்டான். அமீர் அலி அசரவில்லை. அவளை வாய்க்கால் பக்கம் பார்க்க ஒருபுறமாக உட்கார வைத்து, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டி, பிஸ்மி சொல்லி வண்டியை எடுத்தான். பாதி வழிவரை பெருமைப்படும்படிதான் ஓட்டினான். பாலத்தில் குலுக்கல் இல்லை, சேற்றில் சறுக்கல் இல்லை. பிறகு ரோடும் வாய்க்காலும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. நடுவில் முருங்கை மட்டும் தெரிந்தது. அவன் கை வழக்கம்போல் வலப்பக்கம் திரும்பிற்று.

அவன் தோளில் நகம் பதிந்தது. மூட்டை வாயைத் திறந்தது.

"அந்தப் பக்கம் போவாதீங்க மச்சான். கரை இல்ல, தண்ணி சுழிச்சுக்கிட்டு ஓடுது."

"எனக்குத் தெரியாத ரோடா? பேசாம உக்காரு புள்ள."

"மரத்துக்கு இந்தப் பக்கமா நேரா போங்க. அடியில நம்ம வீட்டுச் சட்டிதானே கெடக்கு!"

வண்டியை நிறுத்தி, எட்டி ஒரு முருங்கைக் கிளையை ஒடித்து வலப்பக்கம் ஊன்றினான். அடி தட்டவில்லை, கிளை கைவரைக்கும் உள்ளே போயிற்று. ஓட்டிகள் எல்லாரும் ஒதுங்கி ஒதுங்கி மிதித்த கரை, வாய்க்காலோடு போய்விட்டிருந்தது. தான் நட்ட கம்பே தன் பெண்டாட்டியையும் பிள்ளையையும் காவு வாங்கப் பார்த்தது என்பது அவனுக்கு உறைத்தது. மரத்துக்கு இடப்பக்கம், முதல் கியரில், நேராக விட்டான். சக்கரத்துக்கு அடியில் பானை ஓடு நறநறவென்று நொறுங்கியது.

அன்றிரவு அக்கரை ஆஸ்பத்திரியில் நூர் பீவி பேத்தியைக் கையில் வாங்கிக்கொண்டு, "சொன்ன மாதிரி கொண்டாந்துட்டீங்க மாப்புள்ள" என்றாள். "நான் கொண்டாரல மாமி, அவதான் என்னையக் கொண்டாந்தா" என்றான் அவன்.

மறுநாளே மண்வெட்டியோடு போய் மரத்தை வேரோடு எடுத்து வீட்டுக் கொல்லையில் வைத்தான். உடைந்த கரையில் காய்ந்த மூங்கிலை நட்டான். இனிமேல் முளைக்காத கம்பைத்தான் நட வேண்டும் என்று துறையில் சொல்லிவிட்டான். ஓட்டிகள் சிரித்தார்கள், ஆனாலும் மூங்கிலுக்கு மாறினார்கள்.

நாற்பது நாள் கழிந்து சமீனா பிள்ளையோடு திரும்பினாள். வெயில் அடித்த நாள், ரோடு காய்ந்து கிடந்தது. மரம் இருந்த இடத்தில் இப்போது மரம் இல்லை. முன்னால் போன வண்டி அப்போதும் பழைய பழக்கத்தில் அங்கே ஒரு வளைவு வளைந்தது. அமீர் அலி வேகத்தைக் குறைத்தான். வழி அவனுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் தலையை லேசாகத் திருப்பிக் கேட்டான்.

"எந்தப் பக்கம் புள்ள?"