துண்டு கட்டிய கம்பு

துண்டு மேரி என்று கேட்டால்தான் அந்தக் குப்பத்தில் வீட்டைக் காட்டுவார்கள். ஞானமேரி என்று கேட்டால், எந்த ஞானமேரி என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயருக்கு அங்கே பஞ்சமில்லை. துண்டு மேரி என்பது கேலிப் பெயர்தான். ஆனால் அதைச் சொல்லிச் சிரிக்கிறவர்களில் அன்று மணல்மேட்டில் நின்றவர்கள் ஒருவரும் கிடையாது. நின்றிருந்தால் சிரிப்பு வராது.

அவள் பிறந்தது திண்டிவனத்துக்கு மேற்கே, மல்லாட்டை என்கிற நிலக்கடலை விளைகிற மேட்டாங்காட்டு ஊரில். அங்கே தண்ணீர் என்றால் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற தண்ணீர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் அவளை மரக்காணத்துப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் சவரிநாதனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி. கழியின் வாய் கடலைத் தொடுகிற இடத்தை அடைத்துக்கொண்டு நீளமாக ஒரு மணல்மேடு. கல்யாணமான மறுநாள் காலை வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்தவள், "எங்கப் பாத்தாலும் தண்ணியா கீதே" என்று அழுதுவிட்டாள்.

சவரிநாதன் வலைக்காரன் அல்ல, ஈட்டிக்காரன். கழிக்கு நடுவில் கோரை மண்டிய சின்னத் திட்டு ஒன்று உண்டு. அதைச் சுற்றித்தான் அவன் பிழைப்பு. தை, மாசியில் தண்ணீர் தெளிந்து கிடக்கும். மூழ்கிப் போய்க் கொடுவா மீனைக் குத்துவான். பங்குனியில் திருக்கைகள் குட்டி போடத் திட்டோரம் வரும். அப்போது காலைத் தூக்கி வைத்து நடக்கக் கூடாது. சேற்றில் இழுத்து இழுத்துத்தான் போக வேண்டும். தூக்கி வைத்தால் திருக்கையின் வால்முள் பாதத்தில் ஏறிவிடும். சித்திரையில் சொறிமீன் வந்து உடம்பெல்லாம் தடிக்க வைக்கும். மழைக்காலத்தில் மீன் கொழுத்துக் கிடக்கும், ஆனால் தண்ணீர் செம்மண் குழம்பு. கண் உதவாது. காலில் உரசிப் போகிறது மீனா பாம்பா என்று பாதம்தான் சொல்ல வேண்டும். இதையெல்லாம் அவன் சோறு தின்றுகொண்டே சிரித்துச் சிரித்துச் சொல்வான். அவளோ, அவன் திரும்பி வந்து ஈட்டியைக் கூரையில் செருகுகிற வரைக்கும் எச்சில் விழுங்க மாட்டாள். பயத்தை வாய்விட்டுச் சொன்னால், "பயந்தாங்கொள்ளியக் கட்டிக்கினு வந்துட்டேன்" என்பான். பயப்படுகிறவளைப் பார்த்துச் சிரிப்பதில் ஆண்களுக்கு என்னதான் சுகமோ!

மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. கழி நிரம்பினால் மேற்குக் கரை நஞ்சையெல்லாம் மூழ்கும். நெல்லைக் காப்பாற்ற அங்குள்ள விவசாயிகள் மண்வெட்டியோடு வந்து மணல்மேட்டை வெட்டிவிடுவார்கள். முழ அகலம் வெட்டினால் போதும். மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு கடலுக்குப் பாயும். அந்த நேரத்தில் கழிக்குள் இருக்கிறவன் கடலில்தான் போய் விழுவான். அதற்காக இரண்டு தரப்புக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. மேட்டில் வரிசையாகக் கம்புகள் நட்டிருக்கும். கழிக்குள் இறங்குகிற ஈட்டிக்காரன் தன் துண்டை ஒரு கம்பில் கட்டிவிட்டுப் போவான், கரையேறியதும் அவிழ்த்துக்கொள்வான். ஒரு துண்டு தெரிந்தாலும் எவனும் மண்வெட்டியைத் தூக்க மாட்டான்.

ஐம்பத்தெட்டு கார்த்திகையில் ஐந்து நாள் விடாத மழை. அவளுடைய ஒன்றரை வயது மகனுக்குக் காய்ச்சல். வீட்டில் கேப்பை மாவும் தீர்ந்துபோனது. மற்ற ஈட்டிக்காரர்கள் வீட்டோடு கிடந்த அன்று சவரிநாதன் மட்டும் இறங்கினான்.

நடுப்பகலில் மழை விட்டது. பிள்ளை மூத்திரத்திலும் வியர்வையிலும் நனைந்து வெடவெடவென்று நடுங்கினான். சுற்றுவதற்கு ஒரு முழம் காய்ந்த துணி வீட்டில் இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தாள். மணல்மேட்டில் புருஷனுடைய துண்டு வாடைக்காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. ஈரம் பாதி போயிருக்கும், அடுப்பனலில் காட்டினால் மீதியும் போய்விடும் என்று தோன்றியது. அந்தத் துண்டு எதற்கென்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கொட்டுகிற மழையில்தான் மேட்டை வெட்டுவார்கள் என்று அந்த மேட்டாங்காட்டுக்காரி நினைத்துக்கொண்டிருந்தாள். மழைதான் விட்டுவிட்டதே, பிள்ளை ஒரு தூக்கம் தூங்கட்டும், கொண்டுபோய்க் கட்டிவிடலாம் என்று அவிழ்த்து வந்தாள். மழை விட்ட பிறகுதான் மேற்கத்தி ஏரிகளெல்லாம் வழிந்து கழிக்கு வந்து சேரும் என்பதும், வெட்டுவது அப்போதுதான் என்பதும் கரையில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

பிள்ளை துண்டுக்குள் சுருண்டு தூங்கிய கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு வீரம்மாள் உள்ளே வந்தாள். "மேரி, மேட்டுல வெட்டிக்கினு கீறாங்க. ஒன் ஊட்டுக்காரரு வந்துட்டாரு இல்ல?"

ஞானமேரி, பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றாளோ இல்லையோ, மேட்டுக்கு ஓடினாள்.

இருபது பேருக்கு மேல் நின்றார்கள். மண்வெட்டியோடு முன்னால் நின்றவன் அவளுடைய அண்ணன் இருதயராஜ். மேற்குக் கரையில் அவனுக்கு மாமனார் வழியில் வந்த நிலம். நெல் கழுத்து மட்டும் தண்ணீரில் நின்றது. வெட்டிய வாய் அதற்குள் வண்டி போகிற அகலத்துக்கு அறுந்து இரைந்தது.

"அண்ணா, அவுரு உள்ள கீறாரு!"

இருதயராஜுக்கு முகம் வெளுத்தது. "இன்னாம்மா சொல்ற? துண்டு ஒண்ணுகூட இல்லியே. நானே மூணு தபா பாத்தேன். இருந்தா வெட்டுவமா?"

துண்டை எடுத்தது தான்தான் என்று அவள் சொல்லவில்லை. மேட்டில் வெட்டிய வாயை அடைக்க ஆட்கள் கீற்றுக்கட்டுகளையும் கோரைக்கட்டுகளையும் தூக்கி எறிந்தார்கள். எறிந்ததெல்லாம் அந்த நொடியே கடலுக்குப் போனது. இப்போதாவது சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் தன்னைத்தான் கொலைகாரி என்பார்கள் என்ற பயம் தடுத்தது. புருஷன் சாகப் போகிற நேரத்தில்கூட மனுஷிக்குத் தன்னைப் பற்றிய பயம் வருகிறதே, அதை என்னவென்று சொல்வது!

திட்டுக்குப் பின்னாலிருந்து அவன் தென்பட்டான். தண்ணீர் அவனைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு வந்தது. ஈட்டியைச் சேற்றில் ஊன்றி இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். தலை முங்கியது, தெரிந்தது, முங்கியது. திட்டு மண் கோரையோடு பாளம் பாளமாகப் பெயர்ந்து அவனை உரசிக்கொண்டு போனது. ஈட்டி சாய்ந்தது. அவள் மணலில் விழுந்து, "மாதாவே, மாதாவே" என்று அதை மட்டும் சொன்னாள். அடுத்து எதுவும் நினைவுக்கு வரவில்லை.

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. கழி மெல்ல மெல்ல வடிந்தது. கழுத்தளவு இடுப்பளவானது, இடுப்பளவு முழங்காலளவானது. அவன் ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு, சேற்றில் காலை இழுத்து இழுத்து நடந்து வந்தான். மார்பெல்லாம் தோலுரிந்து ரத்தம். பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. மேட்டில் வெறுமையாக நின்ற கம்பைப் பார்த்தான். நேரே இருதயராஜிடம் போய் ஈட்டியை அவன் நெஞ்சுக்கு நேராக ஓங்கினான்.

"ரெண்டு முடிச்சு போட்டுக் கட்டிட்டுப் போனேன். ஒன் நெல்லுக்காக அவுத்துட்ட இல்ல? மச்சான்னு பாக்க மாட்டேன்."

"மாதா மேல சத்தியமா நான் தொடல, மாப்ள."

குப்பத்து ஆண்கள் துடுப்போடு வந்து சவரிநாதனுக்குப் பின்னால் நின்றார்கள். விவசாயிகளும் மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தார்கள். ஒரு கை அசைந்தால் ரத்தம்தான். ஞானமேரி எழுந்து போய் ஈட்டிக்கும் அண்ணனுக்கும் நடுவில் நின்றாள். ஈட்டி முனை அவள் கழுத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"அண்ணன் இல்லீங்க. நான்தான் அவுத்தேன். புள்ள நடுங்கிக்கினு கெடந்தான். காஞ்ச துணி ஒண்ணும் இல்ல. மழ வுட்டுட்டுதுன்னு நெனச்சேன்."

சவரிநாதன் அவளையே பார்த்தான். குத்திவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள். கண்ணை மூடிக்கொள்ளக்கூடத் தெம்பு இல்லை.

"புள்ள மேல சுத்துனியா?" என்று கேட்டான்.

"சுத்துனேன்."

"சூடு எறங்குச்சா?"

"தூங்கறான்."

அவன் தலையை ஆட்டினான். ஈட்டியைக் கீழே போடப் பார்த்தான். முடியவில்லை. அத்தனை நேரம் கட்டிப் பிடித்த விரல்கள் மூங்கிலோடு விறைத்துப்போயிருந்தன. இருதயராஜ்தான் கிட்டே வந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஈட்டியை வாங்கி வைத்தான். அப்புறம்தான் சவரிநாதன் மணலில் உட்கார்ந்து, பயத்தில் சத்தம் போட்டு அழுதான்.