அம்மா உப்புத் தடவி வைத்த கறி

“உனக்கு இன்னாத்த எழுத வரும்? காலேஜுக்குப் போனா எழுத்து வந்துருமா?” என்று போன மாதம் என் தாய்மாமா கேட்டார். அம்மாவின் முதலாண்டு நினைவு மலருக்கு, வடபழனியில் தெரிந்த ஒருவரிடம் அவரே ஒரு கட்டுரை எழுதி வாங்கி வந்திருந்தார். அதைப் படித்துக் காட்டும் வேலை மட்டும் எனக்கு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான்.

“வாழ்நாள் முழுவதும் சைவ உணவே உண்டு, தூய வாழ்வு வாழ்ந்த அம்மையார்” என்று அதில் இருந்தது.

“இது யாரு மாமா?” என்றேன்.

“அப்டித்தாம்மா போடணும். என் பொண்ணோட மாமியார் வூட்டுக்காரங்கல்லாம் வராங்க. அத்தெல்லாம் எழுதிக்கினு இருக்காத.”

அவர் சொன்ன ‘அது’ மாட்டுக்கறி. அதை விட்டுவிட்டு எங்கள் அம்மாவைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

அம்மா பிறந்தது மயிலாப்பூரில், கால்வாய் ஓரத்தில். பள்ளிக்கூட வாசலை முதன்முதலில் மிதித்தது என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். கல்யாணமாகி அசோக் நகருக்கு வந்த சில ஆண்டுகளில் அப்பாவைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார்கள். தி. நகரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள். பிறகு ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டில் சமையல் வேலை கிடைத்தது. அந்த வீட்டம்மா நெடுநாள் வெளிநாட்டில் இருந்தவர். முதல் வாரமே, முழுத் துண்டாகவே சுட்டுத் தின்னும் ஸ்டேக் வேண்டும் என்று, உள்ளங்கை அகலத்தில் இரண்டு கனமான மாட்டுக்கறித் துண்டுகளைக் கொடுத்திருக்கிறார்.

அம்மா அவற்றை மஞ்சள் போட்டு ஐந்து தண்ணீரில் கழுவினார்கள். இவ்வளவு பெரிய துண்டு எங்கே வேகும் என்று பொடிப்பொடியாக நறுக்கி, குக்கரில் ஆறு விசில் விட்டு, மேசையில் கொண்டுபோய் வைத்தார்கள். வீட்டம்மா திட்டவில்லை. மறுநாள் பக்கத்தில் நின்று செய்து காட்டினார். கறியைக் கழுவக் கூடாது, துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும், முந்தின நாளே உப்புத் தடவிவிட வேண்டும்.

“கயுவாம எப்டிம்மா துன்றது? ரத்தம் சொட்டிக்கினு கீது” என்று அம்மா கேட்டார்களாம். அன்று வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. “இன்னா கண்றாவிடி அது” என்று கையை மோந்து மோந்து பார்த்தார்கள்.

ஆனால் கற்றுக்கொண்டார்கள். எங்கள் வீட்டுக்கும் கொண்டு வந்தார்கள். அந்த வீட்டில் அண்டர்கட், அதாவது முதுகெலும்பை ஒட்டிய மெத்தென்ற கறி. எங்களுக்குக் கட்டுப்படியானது முரட்டுத் தொடைக்கறி. சனிக்கிழமை அதை என் பழைய பள்ளித் தாவணியைக் கிழித்த துணியால் ஒற்றி, கத்தி முனையால் குத்தி, பொடித்த கல்லுப்பைத் தடவி, வீட்டம்மா கொடுத்த கண்ணாடி டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை இடித்த மிளகும் பூண்டும் துளி நல்லெண்ணெயும். கறி மெத்தென்றாவதற்குத் தடவும் பப்பாளிக்காய் விழுது ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடையாது. ஒரு தடவை அப்படியே விட்டு, விடிந்து பார்த்தால் கறி களியாகிக் கிடந்தது. எல்லாம் ஊறிய பிறகு தோசைக்கல் புகையும்வரை காய வேண்டும்.

ஃப்ரிட்ஜைத் திறந்தால் டப்பாவின் அடியில் தேங்கிய சிவப்புத் தண்ணீர்தான் முதலில் கண்ணில் படும். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு பால் எடுப்பேன். “மூக்க நல்லா மூடிக்கோ. வெந்தப்புறம் நீதான் மொத ஆளா தட்டத் தூக்கிக்கினு வருவ” என்பார்கள். வந்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் என்ன சமையல் என்று கல்லூரித் தோழிகள் கேட்டபோது சிக்கன் என்றேன். சிவப்புத் தண்ணீரைவிட அந்தப் பதில் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மாமாவுக்கு ஞாயிறு தவறாது. “யக்கா, ஓரம் கருகனது எனக்கு வெச்சிரு” என்று சொல்லிக்கொண்டேதான் செருப்பைக் கழற்றுவார். வீட்டுக்கும் ஒரு தூக்கில் வாங்கிப் போவார். தெருவில் யாராவது கேட்டால் அது மட்டன்.

அம்மா கடைசியாக உப்புத் தடவி வைத்ததும் ஒரு சனிக்கிழமைதான். மறுநாள் விடியலில் நெஞ்சு வலி வந்தது. வீட்டைப் பூட்டும் அவசரத்தில் மாமா மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டார். ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார்கள், வீடு பூட்டியே கிடந்தது. பத்தாம் நாள் அம்மாவைக் கூடத்தில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். வந்தவர்களுக்குத் தேநீர் போடலாம் என்று யாரோ ஃப்ரிட்ஜைத் திறந்தார்கள்.

வீடே வாசலுக்கு ஓடியது. முந்தானை, கைக்குட்டை, துண்டு என்று கிடைத்ததை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கறியைப் பல ஞாயிறுகள் தின்ற வாய்களெல்லாம் “ச்சீ, இன்னாது இது” என்று கேட்டன. மாமா தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “யாரும் பாக்கறதுக்குள்ள அத்தத் தூக்கிப் போடு” என்றார்.

நான்தான் எடுத்தேன். பச்சையும் சாம்பலுமாக வழவழத்துக் கிடந்தது. நுரைத்து மூடியையும் தள்ளியிருந்தது. பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வாந்தியெடுத்தேன். அம்மாவின் கை கடைசியாகச் செய்த வேலை அது. அதன் நாற்றம் சோப்பிலும் வெயிலிலும் போய்விட்டது. வாசலில் நின்று ச்சீ என்றவர்களை நினைத்தால்தான் இன்னும் குமட்டுகிறது.

டப்பாவை என்னோடு உட்கார்ந்து மூன்று முறை தேய்த்துக் கழுவிய எதிர்வீட்டு அக்காவுக்கு நன்றி. மாலையோடு வந்து கடைசிவரை நின்ற ஆழ்வார்பேட்டை வீட்டம்மாவுக்கும், அம்மாவுக்கென்று நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைத்த கறிக்கடை பாய்க்கும் நன்றி. மாமாவுக்கும் நன்றி. ஒன்பது நாளும் மருத்துவமனை வாசலில் சிமெண்டுத் தரையில் படுத்துக் கிடந்தார். அதை நான் மறைக்க மாட்டேன். மற்றதையும் மறைக்க மாட்டேன்.

மாமா கொடுத்த தாளை நேற்று அச்சகத்திலிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். அதற்குப் பதில் நான் எழுதிய இதுதான் மலரில் போகிறது. நாளை காலை படையலுக்கு முன் மலர் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இன்று காலை கறிக்கடைக்கும் போய் வந்தேன். அம்மா தனக்கென்று ஒரு முறைகூட வாங்காத அண்டர்கட். கழுவவில்லை. துணியால் ஒற்றி, உப்புத் தடவி, அதே கண்ணாடி டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைத்திருக்கிறேன்.